மெழுகில் ஒரு கோணல் மூக்கு

நீங்கள் கடைசியாகப் பார்த்த படத்தில், நாயகன் வந்து நிற்பதற்கு முன்னால் அதே இடத்தில், அதே உடுப்பில், அதே விளக்குகளின் சூட்டில் ஒரு மணி நேரம் வெந்துகொண்டிருந்தவனின் பெயர் என்ன?

தெரியாது. வெட்கப்பட வேண்டாம். தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அவன் பெயர் சிரில் டாப்பிங். மெய்டன்ஹெட்டுக்கும் வின்சருக்கும் நடுவே தேம்ஸ் கரையில் பாழாய்க் கிடந்த ஒரு பிரபுவின் மாளிகையை வாங்கி, பேய்ப்படம் எடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி நடந்துகொண்டிருந்தது. அங்கே லயனல் மார்ச்மண்டுக்கு மாற்றாளாக இருந்தான் சிரில். மாற்றாள் என்றால் குதிரையிலிருந்து விழுகிறவன் அல்ல. கத்திச்சண்டை போடுகிறவனும் அல்ல. அவர்களையாவது காமிரா பார்க்கும். சிரிலின் வேலை நிற்பது. விளக்குக்காரர்கள் விளக்கை ஏற்றி இறக்கி, காமிராக்காரர் நாடா வைத்துத் தூரம் அளந்து, எல்லாம் சரியாகும் வரை நிற்பது. சரியானதும் மார்ச்மண்ட் தன் அறையிலிருந்து வருவார். தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின்மேல், சிரிலின் கால் சூடு ஆறும் முன் வந்து நிற்பார். சிரில் ஓரமாக விலகிவிட வேண்டும்.

“தேங்க்ஸ், ஆல்பர்ட்” என்பார் மார்ச்மண்ட். ஒன்பது வருஷமாக ஆல்பர்ட். முதல் வாரம் திருத்தியிருக்கலாம். அப்போது பயம். அப்புறம் திருத்துவது அசிங்கம்.

இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே நிறத் தலைமுடி. கோட்டு அளவுகூட ஒன்றுதான். உடுப்பு அறைப் பெண்கள் ஒருவர் கோட்டை மற்றவருக்கு மாட்டி அளவு பார்ப்பார்கள். வித்தியாசம் மூக்கு மட்டும். மார்ச்மண்டின் மூக்கு வரைகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக இருக்கும். சிரிலின் மூக்கு பாதி வழியில் மனம் மாறி இடதுபக்கம் திரும்பியிருக்கும்.

“மூக்க மறந்துட்டு லைட்டப் போடுங்கடா” என்று தலைமை விளக்குக்காரர் கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிலும் சிரிப்பான். வேலை போகக்கூடாதே.

அந்த மூக்கை உடைத்தவள் எட்னா. கம்பெனியின் கேன்டீனில் வேலை. சிரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கேன்டீனின் ஊசல் கதவுக்கு வெளியே சாப்பாட்டு வரிசை எது என்று தேடிக்கொண்டு நின்றான். இரண்டு கையிலும் குழம்புத் தட்டு வைத்திருந்த எட்னா, உள்ளேயிருந்து கதவைக் காலால் உதைத்தாள். கதவு மூக்கில். ரத்தம் சட்டையில். குழம்பு அவள்மேல். தன் சைக்கிளின் பின்னால் அவனை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தாள். வருஷம் முடிவதற்குள் கல்யாணம். புதுசில், தூக்கம் வராத நேரங்களில் அந்தக் கோணலை விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் கையெழுத்து, இல்ல காலெழுத்து” என்று சிரிப்பாள்.

தடவி வெகுகாலமாகிவிட்டது.

இப்போது அவர்கள் வீட்டுக் கணப்பின் மேல்பலகையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மார்ச்மண்டின் படம். ‘அன்புள்ள எட்னாவுக்கு’ என்று கையெழுத்து. அவள் பெயரை மட்டும் அந்த மனிதருக்குத் தப்பாமல் தெரிந்திருந்தது. அவர்களுடைய கல்யாணப் படம் கடிகாரத்துக்குப் பின்னால் போய்விட்டது. தூசி துடைக்கும்போது நகர்ந்ததாம்.

கேன்டீனில் வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டிப் புட்டிங். பெரிய தகரத்தட்டில் வேகும். நடுப்பகுதி கொழகொழவென்று இருக்கும். மூலைகள்தான் மொறுமொறுவென்று, சர்க்கரை கருகி, தின்னத் தின்ன ஆசை தீராதபடி இருக்கும். தட்டுக்கு நான்கே மூலை. அவற்றில் ஒன்று எப்போதும் மார்ச்மண்டுக்கு என்று மூடிவைக்கப்பட்டிருக்கும்.

“எனக்கு ஒரு மூலை கொடுக்கறதுதானே” என்பான் சிரில்.

“உனக்கு வீட்டுல போடறேன்.”

“வீட்டுல நீ புட்டிங்கே செய்யறதில்லயே.”

“வெள்ளிக்கிழமை பூரா இங்க செஞ்சிட்டு வீட்டுலயும் வந்து செய்யணுமா? நடுத்துண்ட வாங்கிட்டு நகரு. வரிசை நிக்குது.”

சிரில் தொழிற்சங்கக்காரன். நூலகத்து நூல்களில் பாதியைப் படித்தவன். அரசர்கள், ஆயர்கள், பிரபுக்கள் எல்லாரும் ஒழியவேண்டும் என்று மேடையில் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு புட்டிங் துண்டுக்காக வயிறெரிந்தான். அது தனக்கே கேவலமாகத் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது. நான் இதை மறைக்கப்போவதில்லை. உழைப்பை ஒருவன் கொடுத்து, பேரை இன்னொருவன் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பொறாமைதான் விளையும்; மல்லிகையா பூக்கும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு குளிர்காலத்தில் டாக்டர் கார்வேல் படம் ஆரம்பமானது. கதை நடப்பது விக்டோரியா மகாராணி காலத்தில். கார்வேல் சாகாமல் இருக்க மருந்து கண்டுபிடித்தவர். மருந்து எதிலிருந்து? ஏழைகள் விடுதியில் கிடக்கும் ஆட்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து. அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்க, நூற்றைம்பது வயதிலும் நாற்பது வயது அழகனாக உலவி, பிரபுக்கள் வீட்டுப் பெண்களோடு நடனமாடுகிறார். கடைசியில் மருந்துப் புட்டி உடைகிறது. நூற்றைம்பது வருஷமும் ஒரே நிமிடத்தில் முகத்தில் இறங்குகிறது. சதை உருகி ஒழுக, எலும்பு தெரிய, விழுகிறார்.

“கத புதுசு இல்லையே” என்றான் சிரில், பிளாஸ்டர் கொட்டகையில் உட்கார்ந்து. “ஊருல நடக்கறதுதான.”

“ஊருல கடைசி காட்சி வரமாட்டேங்குதே, அதான் படமா எடுக்கறாங்க” என்றான் பெர்ஸி. முகமூடி, வெட்டுண்ட கை, மண்டையோடு எல்லாம் செய்கிறவன் அவன். சிரிலுக்கு இருந்த ஒரே நண்பன்.

உருகும் காட்சிக்கு மெழுகுத் தலை வேண்டும். மெழுகுத் தலைக்கு அச்சு வேண்டும். அச்சுக்கு, மார்ச்மண்டின் முகத்தில் ஈரப் பிளாஸ்டரை ஊற்றி, மூக்குத் துளைகளில் மூச்சுக்குக் குழல் செருகி, காயும் வரை அசையாமல் படுக்கவைக்க வேண்டும். மார்ச்மண்ட் படுத்தார். பிளாஸ்டர் கண்ணை மூடியதும் துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் வழித்து எறிந்தார். முகம் வெள்ளையாக, வாய் திறந்து, காற்றைத் தேடிக்கொண்டு நின்றார்.

“என்னால முடியாதுப்பா. முடியாது. மன்னிச்சுக்கோ.”

வாசலில் நின்ற சிரிலுக்கு அந்த மனிதர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. அது அவர் வாயிலிருந்து வந்த அடுத்த வார்த்தை வரைக்கும்தான்.

“நம்ம ஆல்பர்ட்ட வச்சு எடுத்துக்கோயேன். ஒரே அளவு மூஞ்சிதானே.”

சிரில் படுத்தான். பெர்ஸி குழலைச் செருகினான்.

“யோவ், இடது ஓட்டைல நுழையவே மாட்டேங்குது.”

“எட்னாவக் கேளு.”

“சிரிக்காதடா, சிரிச்சா மூஞ்சி கோணிடும். ஏற்கெனவே ஒண்ணு கோணியிருக்கு.”

பிளாஸ்டர் இறங்கியது. இருட்டு. முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு. உள்ளே அவன் இதயம் அடிப்பது அவனுக்கே கேட்டது. அந்த இருட்டில் சிரிலுக்கு ஒரு நினைப்புதான்: கடைசியாக, என் முகம். படம் முழுக்க மார்ச்மண்டின் முகம் இருக்கட்டும். கடைசியில், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நேரத்தில், என் முகம். எட்னா பார்ப்பாள். பார்த்ததும் தெரிந்துகொள்வாள்.

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். கைதட்டல் வேண்டாம், திரையில் பெயர் வேண்டாம். பெயர் எப்படியும் போடமாட்டார்கள். அவள் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனான். பிளாஸ்டர் முகத்தின்மேல் களிமண்ணை அப்பி, பெர்ஸி மூக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே?”

“வேற என்ன பண்ணச் சொல்றே? மார்ச்மண்ட் மூக்கு நேரா இருக்கு. தல மட்டும் கோணலா இருந்தா ஜனங்க சிரிப்பாங்க.”

“அது என் மூஞ்சி.”

“உன் மூஞ்சிதான். அவர் மூக்கு.” பெர்ஸி நிமிர்ந்து பார்த்தான். “சிரில், என்னப் பாத்து மொறைக்காத. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு.”

சிரில் தன் முகம் தன் கண் முன்னால் மெல்ல மெல்ல மார்ச்மண்டாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கார்வேல் விடுதி ஆட்களின் மஜ்ஜையை எடுத்தாரே, அவர்களாவது செத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிய கொடுமை அவர்களுக்கு இல்லை.

உருகும் காட்சி எடுக்கும் நாளில் கேன்டீன் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆய்வுக்கூட அரங்கு, புட்டிகள், சுருள்குழாய்கள், பச்சைத் தண்ணீர். நடுவில் கம்பத்தில் கார்வேலின் கோட்டு, அதன்மேல் மெழுகுத் தலை, விக், கண்ணாடிக் கண்கள். மெழுகு இளகியிருக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. கம்பத்துக்கு முன்னால் தூரம் பார்க்க சிரிலை நிறுத்தியிருந்தார்கள்.

எட்னா ஏப்ரனில் கை துடைத்தபடி கிட்டே வந்தாள். மெழுகுத் தலையைப் பார்த்தாள். கண் விரிந்தது.

“ஐயோ, அப்படியே அவர்தான். மிஸ்டர் மார்ச்மண்ட் உசிரோட நிக்கற மாதிரி இருக்குல்ல?” என்றாள், பக்கத்திலிருந்தவளிடம். அவளுக்கும் தலைக்கும் நடுவே சிரில் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அவள் அவன் வழியாகப் பார்த்தாள்.

தேநீர் வண்டியின் மணி அடித்தது.

இந்த நாட்டில் போர் நடந்தாலும் தேநீர் மணிக்கு நின்றுவிட்டுத்தான் நடக்கும். சுத்தியலை ஓங்கியவன் ஓங்கிய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். இயக்குநர் போனார். பெண்கள் வண்டியைத் தள்ளப் போனார்கள். பெர்ஸி, “மெழுகப் பாத்துக்கடா” என்று சொல்லிவிட்டுப் போனான். அரங்கில் சிரிலும் தலையும் மட்டும். சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் வெகுநேரம் யோசிக்கவில்லை. கட்டைவிரலை நேரான அந்த மூக்கின்மேல் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தி இடதுபக்கம் தள்ளினான். மெழுகு மறுக்காமல் வந்தது. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான், இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

தேநீர் முடிந்து வந்த, காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி சரிபார்க்கும் அம்மாள் புருவம் சுருக்கினாள். “சார், மூக்கு...”

பெர்ஸி வந்து பார்த்தான். முகம் வெளுத்தது. நேற்றே இன்னொரு தலை அவன் கையில் விரிசல் விட்டிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இருப்பது இது ஒன்றுதான். மூக்கின் பக்கவாட்டில் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை. பெர்ஸி சிரிலின் கையைப் பார்த்தான். பிறகு ஈரத்துணியால் ரேகையை மட்டும் துடைத்தான்.

“வயசாகும்போது எலும்பு தளந்து மூக்கு கோணும், சார்” என்றான் இயக்குநரிடம். “உருகறதுக்கு முன்னாடி அப்படி ஒரு இது காட்டினா பயங்கரமா இருக்கும்னு செஞ்சேன்.”

இயக்குநர் குனிந்து மூக்கைப் பார்த்தார். “நூத்தம்பது வயசுக் கிழவனுக்கு மூக்கு எப்படி நேரா இருக்கும்? அபாரம். போடு வெளக்க.”

பெரிய விளக்குகள் விழித்தன. நெற்றி வழிந்தது. கன்னம் இறங்கியது. கோணல் மூக்கு கடைசிவரை நின்று, பிறகு மெதுவாக, யாரோ தலைகுனிவதுபோல் வளைந்து சொட்டியது. சிரில் தன் சாவைத் தானே பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் படம் வெளியாகும் வரைதான்.

காலைச் சாப்பாட்டு மேசையில் எட்னா நாளிதழை விரித்து உரக்கப் படித்தாள். மார்ச்மண்டின் பேட்டி. “‘அந்தக் கடைசி முகத்துக்காக ஈரப் பிளாஸ்டருக்குள் புதைந்து கிடந்தேன். சாவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.’ பாவம்ல? அந்த மனுஷனுக்கு எவ்ளோ தைரியம் பாரு.”

சிரில் பொரித்த மீனின் முள்ளைத் தட்டோரத்தில் வைத்தான். “அது நான்.”

“எது நீ?”

“அந்த மூஞ்சி. பிளாஸ்டர்ல கெடந்தது நான். அந்தாள் எழுந்து ஓடிட்டான். பெர்ஸியக் கேளு.”

எட்னா நாளிதழைத் தாழ்த்தினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, இரக்கம் இருந்தது. “சிரில், நானே கிட்டப் போயி பாத்தேன். அது அவர்தான். அவர் நல்லா இருக்கறது உனக்கு ஏன் இப்படிப் பொறுக்க மாட்டேங்குது? ஒன்பது வருஷமா உன் சாப்பாட்டுல பாதி பொறாமதான். அதுலயே நீ செத்துப்போயிடுவே போல.”

அவள் பார்த்தது உண்மை. அவள் பார்த்தபோது மூக்கு நேராக இருந்தது. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் மெழுகைக் கெடுத்தவன் என்று ஆகும். வேலை போகும், பெர்ஸியின் வேலையும் போகும்.

“சனிக்கிழம ரெண்டாவது ஆட்டத்துக்குப் போலாம்” என்றான்.

“நீயா? மார்ச்மண்ட் படத்துக்கா?”

“நானேதான்.”

மெய்டன்ஹெட் தியேட்டரில் கூட்டம். சிரில் திரையைப் பார்க்கவில்லை. எட்னாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்ச்மண்ட் சிரித்தால் அவள் சிரித்தாள். மார்ச்மண்ட் விடுதியில் கிடந்த ஏழை ஒருவனின் முதுகில் ஊசியை இறக்கியபோது, அந்த ஏழைக்காக இல்லாமல் மார்ச்மண்டுக்காகப் பதறினாள். இருட்டில் சிரில் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

புட்டி உடைந்தது. மார்ச்மண்ட் முகத்தைக் கைகளால் மூடினார். கை விலகியது.

எட்னா மூச்சு விடவில்லை.

திரை முழுக்க ஒரு முகம். நூற்றைம்பது வயது. பாதி வழியில் மனம் மாறி இடதுபக்கம் திரும்பிய மூக்கு.

முன்வரிசையில் ஒருத்தி கிறீச்சிட்டாள். யாரோ ஒருவன் சிரித்தான். முகம் உருகத் தொடங்கியது. எட்னாவின் கை இருட்டில் மெல்ல எழுந்து, தேடி, சிரிலின் மூக்கில் வந்து நின்றது. விரல்நுனி அந்தக் கோணலை ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவியது. திரையில் மூக்கு சொட்டி முடியும் வரை விரல் அங்கேயே இருந்தது.

கடைசியில் ஒரு பாதிரியார் வந்து, கடவுள் அவனைத் தண்டித்தார் என்றார். கடவுள் அன்றைக்கு அரங்குக்கு வரவில்லை. வந்தது விளக்கும் மெழுகும், ஒரு கூலிக்காரனின் கட்டைவிரலும்தான்.

‘முற்றும்’ என்று வந்ததும் வழக்கமான ஓட்டம் தொடங்கியது. கடைசி ஆட்டம் முடிந்ததும் ராணிக்கு வாழ்த்துப்பாட்டு ஒலிக்கும்; அது தொடங்கிவிட்டால் நிமிர்ந்து நிற்க வேண்டும், பஸ் போய்விடும். அதனால் ராஜவிசுவாசிகளே முதலில் ஓடுவார்கள். சிரில் கொள்கைக்காக ஓடுகிறவன். எட்னாதான் எப்போதும் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து, “ஒரு நிமிஷம் நின்னா உன் கொள்க தேஞ்சிடாது” என்று நிறுத்திவைப்பாள். நிமிர்ந்து நின்று பாடவும் செய்வாள்.

இன்றைக்கு அவள் எழவில்லை. பாட்டுக்கு மேளம் முழங்கியது. மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எட்னா உட்கார்ந்தே இருந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து தொப்பி கழற்றிய ஒருவர் குனிந்தார். “அம்மா, எழுந்து நில்லுங்க. ராணி பாட்டு.”

“ராணிக்கு என்ன, நல்லாத்தான இருக்காங்க” என்றாள் எட்னா, திரும்பாமல். “செத்தது என் புருஷன். கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.”

அந்த மனிதர் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த சிரிலைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்து நின்றுகொண்டார்.

பஸ் போய்விட்டது. இருவரும் நடந்தே வீடு வந்தார்கள். பாதி வழியில் எட்னா கேட்டாள்: “நான் பாத்தப்ப நேராத்தான இருந்துச்சு?”

“ம்.”

“யாரு தள்ளினா?”

சிரில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவள் நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சுமுட்டச் சிரித்தாள். “அடப்பாவி. ஒரு மூக்க ரெண்டு தடவ உடச்சிருக்கோம்டா நாம.”

அடுத்த வெள்ளிக்கிழமை மார்ச்மண்ட் தட்டோடு வந்தார். “எட்னா, என் மூலை எங்கே?”

“மன்னிக்கணும் சார். மூல இனிமே பிளாஸ்டர்ல படுத்தவங்களுக்கு மட்டும்தான்.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்ச்மண்டின் காது சிவந்தது. நடுத்துண்டை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சிரிலின் மேசையருகே நின்றார். “உன் பேரு... ஆல்பர்ட் இல்ல, இல்ல?”

“இல்ல சார்.” வாய் நிறைய மொறுமொறுப்போடு அவ்வளவுதான் சொன்னான். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டான். அவர் கேட்கவில்லை.

நீதி கிடைத்துவிட்டதா? இல்லை. பேட்டி திருத்தப்படவில்லை. அடுத்த படத்திலும் சிரில் சாக்பீஸ் கோட்டின்மேல் நின்றான். அவன் சூடாக்கிய இடத்தில் மார்ச்மண்ட் வந்து நின்றார். சாகாமை தேடிய கார்வேலுக்கு அது கிடைக்கவில்லை. மார்ச்மண்டுக்குக் கிடைத்தது: அவர் பெயர் இன்றும் திரை எழுத்தில் இருக்கிறது. சிரிலின் முகம் ஒவ்வொரு ஆட்டத்திலும் உருகி உருகிச் செத்து, மறுநாள் பெயரில்லாமல் மறுபடி பிறந்தது. கல்யாணப் படம் மட்டும் கடிகாரத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

ஆகவே, அடுத்த முறை படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். உட்காருங்கள். ஓடுகிற பெயர்களைப் படியுங்கள். படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் உரக்கவே கேளுங்கள்: இதில் யாருடைய பெயர் இல்லை?